கணினியோடு இன்னொரு கல்வி

சர்வகலாசாலையில் ஒரு மாணவர் ஒரே காலத்தில் இரண்டு சாஸ்திரங்களைப் பயின்றால் அவை அவருடைய அறிவில் எவ்விதமான சம்பந்தம் கொள்ளும் என்பது, கல்வியைப் பற்றிச் சிந்திப்போருக்கெல்லாம் பழைய வினாவே ஆயினும், அவ்விரண்டில் ஒன்று பிரயோக கணினி விஞ்ஞானமாக இருக்கும்போது அது புதியதோர் அவசரத்தைப் பெற்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்குமாயின் ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைத் தொடரலாம் என்று அனுமதித்தது. அதற்கு முன்பே, 2020இல், சென்னை ஐஐடி இணையவழியில் தொடங்கிய தரவு விஞ்ஞானப் பட்டப்படிப்பு, வேறு கல்லூரியில் வேறு பாடம் பயிலும் மாணவரும் சேரத்தக்க வகையில் அமைந்திருந்தது. ஆகவே, திருச்சியில் பொருளாதாரமோ பாளையங்கோட்டையில் தாவரவியலோ பயிலும் ஒரு மாணவி, அதே ஆண்டுகளில் கணினியையும் முறையாகக் கற்பது இன்று சாத்தியமாகிவிட்டது. ஆனால் இரண்டு பாடத்திட்டங்களை முடிப்பது வேறு. இரண்டு சாஸ்திரங்கள் ஒருவருடைய அறிவுக்குள் ஒன்றையொன்று சந்திப்பது வேறு. அச்சந்திப்பு நிகழவேண்டுமாயின், வினாவை எழுப்புவது இரண்டாவது துறையாக இருக்கவேண்டும் என்பதும், அவ்வினாவின் பாரத்தைத் தாங்குவதற்காகக் கணினி விஞ்ஞானமே சிறிது தன்னை மாற்றிக்கொள்ள நேரிடவேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். இதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் இருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறந்த ஒன்று நம்முடைய தாம்பரத்திலேயே இருக்கிறது.

முதற் சான்று இத்தாலியைச் சேர்ந்தது. ரொபெர்த்தோ பூசா என்னும் இயேசு சபைப் பாதிரியார், புனித தாமஸ் அக்குவினாஸின் நூல்களில் தெய்வப் பிரசன்னம் என்னும் தத்துவம் எவ்வாறு விளக்கப்படுகிறது என்று ஆராயப் புகுந்தபோது, பிரசன்னத்தைக் குறிக்கும் பெயர்ச்சொற்களைத் தேடிப் பார்த்து, அவற்றால் அதிகப் பயன் இல்லை என்று கண்டார். நம் மொழியில் ஏழாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையை லத்தீனில் செய்யும் ‘இன்’ என்ற ஒரு சிறிய இடைச்சொல்லோடுதான் அத்தத்துவம் முழுதும் பின்னிக் கிடந்தது. அத்தனை சிறிய சொல்லை அதுவரை எந்தச் சொல்லடைவும் பொருட்படுத்தியதில்லை. அவர் அச்சொல் வரும் வாக்கியங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் கையாலேயே எழுதினார். பின்பு, அக்குவினாஸின் நூற்றொகுதி முழுவதற்கும் இவ்வாறு செய்வது மனிதக் கைகளுக்கு இயலாது என்று உணர்ந்து, 1949இல் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்துத் துளையட்டை இயந்திரங்களின் உதவியை வேண்டிப் பெற்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பின் பலனாக அச்சொல்லடைவு 56 பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அந்த உழைப்பில் இயந்திரத்தின் பங்கைவிட மனிதரின் பங்கே மிகப் பெரிது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரே சொல் நூறு உருவங்களில் திரியும் மொழியில், எந்த உருவம் எந்தச் சொல்லுக்கு உரியது என்று தீர்மானிப்பதை லத்தீன் கற்றவர்கள்தாம் செய்யவேண்டியிருந்தது. பூசா கணினி பயின்று பிறகு அதற்கு ஒரு பிரயோகத்தைத் தேடியவர் அல்லர். சமய சாஸ்திரத்தில் எழுந்த ஒரு சந்தேகம் அவரை இயந்திரத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. 1965இல் அறுபத்தைந்து புரதங்களின் அமைப்பைத் தொகுத்து அச்சிட்டவரும், அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துக் குறியீட்டை வகுத்தவருமான மார்கரெட் டேஹாஃப் என்னும் ரசாயன அறிஞரும் இவ்வழியில் வந்தவரே.

பல்கலைக்கழகங்கள் இதனை ஓர் ஏற்பாடாக ஆக்கியது பின்னால் நிகழ்ந்தது. ஜெர்மனியில் 1960களின் இறுதியில் கணினி விஞ்ஞானம் தனிப் பட்டப்படிப்பாக உருவெடுத்தபோதே, அதைப் பயில்வோர் பௌதிகம், பொருளாதாரம், மருத்துவம் போன்ற ஒரு துணைத்துறையையும் தேர்ந்து பயிலவேண்டும் என்னும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியது. 1972இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகமும் ஹைல்பிரான் நகரக் கல்லூரியும் கூடி, மருத்துவத்தையும் கணினியையும் இணைத்துத் தனிப் படிப்பே தொடங்கின. கோட்டிங்கன் போன்ற பல்கலைக்கழகங்களில் ‘பிரயோக கணினி விஞ்ஞானம்’ என்பதே பட்டத்தின் பெயர். எந்தத் துறையில் பிரயோகம் என்பதை மாணவர் தேர்ந்துகொள்ளவேண்டும்.

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு முயற்சிகள் தொடங்கின. அவற்றின் வேறுபட்ட கதி சிந்திக்கத்தக்கது. இல்லினாய் பல்கலைக்கழகம் மானிடவியல், வானவியல், ரசாயனம், மொழியியல் ஆகிய நான்கினோடும் கணினி விஞ்ஞானத்தை இணைத்து நான்கு பட்டங்களை நிறுவியது; பிறகு இசை, விளம்பரம், தத்துவம், பயிர் விஞ்ஞானம் என்று அவ்வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தையும் இசையையும் முதலிற் கொண்டு கலைத்துறைகளோடு கணினியை இணைக்கும் கூட்டுப் பட்டத்தை ஆறாண்டுப் பரிசோதனையாகத் தொடங்கி, 2018–19 கல்வியாண்டின் முடிவோடு நிறுத்திவிட்டது. இவ்விரு கதிக்கும் ஒரே காரணம் கூறுவது நியாயமாகாது. எனினும் அமைப்பில் ஒரு வித்தியாசம் என் கண்ணுக்குப் புலப்படுகிறது. இல்லினாயில் மானிடவியலோடு கணினி பயில்பவர் மானிடவியல் இருக்கும் கல்லூரியின் மாணவர். பயிர் விஞ்ஞானத்தோடு பயில்பவர் வேளாண்மைக் கல்லூரியின் மாணவர். அதாவது இரண்டாம் துறையே அவருக்குச் சொந்த வீடு. ஸ்டான்ஃபோர்டிலோ, இரு துறைகளும் தத்தம் பாடங்களில் சிலவற்றை மட்டும் விட்டுக்கொடுத்துப் பெரும்பகுதியைக் கட்டாயமாகவே வைத்திருந்தன. இரண்டும் சந்திக்கவேண்டிய இடம் பெரும்பாலும் இறுதி ஆண்டில் செய்யும் ஒரு செயற்றிட்டமாகவே இருந்தது. நான்கு ஆண்டு தனித்தனியே நடந்த இருவரைக் கடைசியில் கைகோக்கச் சொல்லும் ஏற்பாட்டில், மாணவரின் சுமை இரட்டிக்கிறதேயன்றி அறிவு ஒன்றுகூடுவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், அவருடைய துணைவியாரும் கணிதப் பேராசிரியருமான ராணி சிரோமணியும், ராணியம்மையாரிடம் ஆராய்ச்சி செய்து பிற்காலத்தில் சென்னை ஐஐடியில் கணினித் துறைப் பேராசிரியராக விளங்கிய கமலா கிருத்திவாசனும், 1970களின் தொடக்கத்தில், கணினி விஞ்ஞானம் நம் கல்லூரிகளில் இன்னும் ஒரு துறையாக நிலைபெறாத காலத்தில், கோலத்தை ஆராய்ந்தார்கள். கோலம் அவர்களுக்கு உதாரணமாக மட்டும் பயன்படவில்லை. அதுவே அவர்களுடைய ஆராய்ச்சியின் மூலமாக நின்றது.

அதன் அருமையை உணர்வதற்குச் சிறிது நுட்பத்துக்குள் செல்லவேண்டும். 1950களில் நோம் சாம்ஸ்கி, மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளால் படிப்படியாகப் பிறப்பிக்கும் கணித இலக்கணங்களை வகுத்தார். கணினி மொழிகளின் அமைப்பை ஆராய்வதற்கும் அவையே ஆதாரமாயின. அவ்விலக்கணங்களில் ஓர் அடையாளத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் வேறு சிலவற்றை வைப்பதே விதியின் செயல். வாக்கியம் ஒரே திசையில் ஓடுவதாதலால், நடுவில் எத்தனை அடையாளங்களைச் செருகினாலும் அது சற்று நீளுமேயன்றிக் குலையாது. சித்திரம் அத்தகையதன்று. வரிசையாகவும் நிரலாகவும் அடுக்கிய ஒரு சதுரத்தில், ஒரு வரிசையின் நடுவே ஓர் அடையாளத்தை நீக்கி மூன்றை வைத்தால், அவ்வரிசை மட்டும் இரண்டு இடம் தள்ளிப்போய், மேலும் கீழும் உள்ள வரிசைகளோடு அதற்கிருந்த நேர்பொருத்தம் கெட்டுவிடும். வாசலில் புள்ளி வைக்கும்போது ஒரு வரிசையில் ஒரு புள்ளி கூடிப்போனால் மேற்கொண்டு இழுக்கும் கம்பி எங்கும் கூடாமற் போவதைக் கோலமிட்டவர் யாவரும் அறிவர். இருபரிமாணச் சித்திரத்துக்கு இலக்கணம் எழுதுவதில் இருந்த முட்டுக்கட்டை இதுதான்.

சிரோமணி தம்பதியரும் அவர்களுடைய சகாக்களும் கண்ட உபாயங்களுள் ஒன்று, பிறப்பிக்கும் வேலையை இரண்டு கட்டங்களாகப் பிரிப்பது. முதற்கட்டத்தில் குறுக்காக ஒரே ஒரு வரிசை உண்டாகிறது. இரண்டாம் கட்டத்தில் அவ்வரிசையின் ஒவ்வோர் அடையாளமும் தன்தன் நிரலாகக் கீழ்நோக்கி வளர்கிறது, எல்லா நிரல்களும் ஒரே சமயத்தில், ஒன்றுக்கு ஒன்று சமமாக வளர்கின்றன. அதனால் சதுரம் எக்கட்டத்திலும் சிதைவதில்லை. இதற்கு மேலும் ஓர் அடி வைத்து, சிறிய சித்திரத்தைச் சுற்றிலும் வரிசைகளையும் நிரல்களையும் சேர்த்துப் பெரிதாக்கும் அணிவரிசை இலக்கணங்களை அவர்கள் வகுத்தார்கள். 1974இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இடம்பெற்றது. ஐந்து புள்ளிக் கோலத்தை விரித்து ஒன்பது புள்ளியில் போடத் தெரிந்த ஒரு பெண், இரண்டு படங்களை மனப்பாடம் செய்தவள் அல்லள். ஒன்றிலிருந்து மற்றதை உண்டாக்கும் விதியை அறிந்தவள். அவ்விதியைக் கணிதத்தின் பாஷையில் எழுதிக் காட்டியபோது, சித்திரங்களின் இலக்கணம் என்னும் கிளைக்கே ஒரு புதிய வகை கிடைத்தது. பிற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அவ்வகையைக் கோலத்தின் பெயரிட்டே வழங்குகிறார்கள். தமிழ்நாட்டு வாசலில் கிடந்த ஞானம் கணினி சாஸ்திரத்துக்குக் கொடை தந்தது. பெற்றுக்கொண்டு மாறியது கணினி சாஸ்திரமே. இதை நான் பெருமிதத்தோடு எழுதுகிறேன்.

கிஃப்ட் சிரோமணியின் பிற ஆராய்ச்சிகளும் இதே போக்கில் அமைந்தவை. அச்சிட்ட தமிழ் எழுத்துக்களைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றி 1978இலும், பிராமி எழுத்துக்களைப் பற்றி 1983இலும் அவரும் அவருடைய மாணவர்களும் கட்டுரைகள் வெளியிட்டனர். பல்லவர் சிற்பங்களின் அங்க அளவுகளை அளந்து, சிற்ப சாஸ்திரம் கூறும் தாளமானக் கணக்கோடு ஒப்பிட்டுப் புள்ளியியல் முறையில் வகைப்படுத்தவும் செய்தனர். சிந்துவெளி எழுத்துக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1988இல், ஐம்பத்தாறாம் வயது நிறையுமுன்பே, அவர் மறைந்தது நம் கல்வியுலகுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம்.

சிந்துவெளியைக் குறிப்பிடும்போது ஐராவதம் மகாதேவனை நினையாதிருக்க இயலாது. ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே கல்வெட்டெழுத்தில் பெரும்புலமை எய்திய அவர், 1977இல் தொல்லியல் துறை வழியே வெளியிட்ட சொற்றொகுதியில், 2,906 எழுத்துப் பொருள்களில் காணும் குறிகளை 417 வகைகளாகப் பிரித்து, கணினியின் துணையோடு ஒவ்வொரு குறியும் எந்தெந்த இடங்களில் எவற்றை அடுத்து வருகிறது என்று அட்டவணைப்படுத்தினார். 417 என்ற அந்த எண் கணினி தந்ததன்று. கொம்புடைய உருவம் ஒன்றும் கொம்பில்லாத உருவம் ஒன்றும் ஒரே குறியின் இரு வடிவங்களா, இரு வேறு குறிகளா என்பதை எழுத்தியல் அறிஞர் தீர்மானித்த பின்னரே இயந்திரம் எண்ணத் தொடங்க முடியும். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா வேறு விதமாகத் தீர்மானித்ததால் அவருக்கு வேறு எண் கிடைத்தது. கணக்கிடுமுன் நிகழும் இத்தீர்மானங்களில்தான் ஓர் ஆராய்ச்சியின் உயிர் இருக்கிறது. கணினியை மட்டும் பயின்றவருக்கு அவை கண்ணிற் படுவதே இல்லை. தரவு என்ற பெயரில் அவை முடிவு செய்யப்பட்ட பொருளாகவே அவர் கைக்கு வந்து சேருகின்றன.

பர்ப்போலாவோடு அவருடைய சிந்துவெளித் தொகுப்பில் உழைத்த கிம்மோ கோஸ்கென்னியெமி என்பவர், 1983இல் ஹெல்சிங்கியில் சமர்ப்பித்த ஆராய்ச்சியில், சொல்லுருபுகளைக் கணினி பகுப்பதற்கு ஒரு புதிய வழியைத் தந்தார். ஆங்கிலத்தை மட்டும் கருதியிருப்போர்க்கு அத்தகைய வழியின் அவசியமே தோன்றியிராது. பின்லாந்தின் பின்னிய மொழியோ தமிழைப் போல விகுதிமேல் விகுதி ஏற்று நீளும் மொழி. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்னும் ஒரே சொல்லில் வருதல், தொடர்ச்சி, இறந்த காலம், பெயரெச்சம், பலர்பால், நான்காம் வேற்றுமை, உம்மை ஆகிய அனைத்தும் அடங்கியிருப்பதை நாம் யோசியாமலே உணர்கிறோம். இத்தகைய சொல்லின் அகராதி வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் இரண்டு தளங்களாக வைத்து, இடைப்பட்ட மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல், எல்லா விதிகளையும் ஒருசேர நிறுத்திச் சரிபார்ப்பது அவர் கண்ட முறை.

தமிழில் இவ்வேலையில் இறங்கும் மாணவர் முதலிற் சந்திப்பது நன்னூலுக்கும் யூனிகோடுக்கும் இடையிலுள்ள பிணக்கைத்தான். ‘பால்’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘பாலை’ ஆவதை இலக்கணம் இயல்பான புணர்ச்சி என்கிறது; மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுகிறது, வேறொன்றும் நிகழவில்லை. கணினியின் நினைவிலோ ‘பால்’ என்பது பகரம், கால், லகரம், புள்ளி என நான்கு குறியீடுகள். ‘பாலை’ என்பதும் பகரம், கால், லகரம், ஐகாரக் குறி என நான்கே. ஓர் ஒலி கூடியிருக்கிறது; குறியீடு ஒன்றும் கூடவில்லை; புள்ளி அழிந்து அவ்விடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கிறது. இனி ‘கல்’ என்பதோடு ‘ஐ’ சேரட்டும். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துக் ‘கல்லை’ ஆகவேண்டும். ஆனால் ககரத்தில் உறையும் அந்த அகரக் குறிலுக்குக் கணினியில் தனிக் குறியீடே கிடையாது. இல்லாத ஒன்றைக் கண்டுகொண்டு விதி செயற்படவேண்டும். இலக்கணம் அறியாத நிரலர் இதற்கு விதிவிலக்குகளின் பட்டியல் ஒன்றை வளர்த்துக்கொண்டே போவார். நிரல் அறியாத புலவருக்கு இங்கே ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. இரண்டும் அறிந்தவர், சொல்லை முதலில் உயிரும் மெய்யுமாகப் பிரித்துக்கொண்டு, விதியைச் செலுத்தி, பிறகு எழுத்தாகக் கோப்பார். அவருக்குத் தொல்காப்பியர் எழுத்தையும் ஒலியையும் பாகுபடுத்திய நுட்பமும் அப்போதுதான் முழுதும் விளங்கும்.

நம் நாட்டில் இன்றுள்ள ஏற்பாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பிலானியிலுள்ள பிட்ஸ் நிறுவனத்தில் உயிரியல், பொருளாதாரம், பௌதிகம் போன்றவற்றில் முதுநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தவர், முதலாண்டு மதிப்பெண்ணைக் கொண்டு பொறியியலிலும் ஒரு பட்டம் பெறலாம். அங்கே விஞ்ஞானப் பட்டத்தைக் கணினிப் பட்டத்துக்கு ஏறும் படியாக மட்டும் கருதும் மனோபாவத்துக்கு இடமுண்டு. அப்படிக் கருதுவோர் இரண்டாம் துறையைச் சுமந்து செல்கிறார்களேயன்றி அதிலிருந்து ஒரு வினாவையும் எடுத்து வருவதில்லை. ஹைதராபாத் ஐஐஐடியின் ஐந்தாண்டு இரட்டைப் பட்டத்தில், கணினிப் பொறியியலோடு மொழியியலைத் தொடக்கத்திலிருந்தே பயின்று, இறுதியில் இரண்டையும் சேர்த்து ஓர் ஆராய்ச்சியேடு எழுதவேண்டும். இவற்றுள் என் மனம் நாடுவது இதையே. தமிழ்நாட்டுக் கலைக்கல்லூரிகளில் மாணவர் வழக்கில் ‘மேஜர்’ என்றும் ‘அல்லைட்’ என்றும் வழங்கும் பழைய முறை, இரண்டாம் பாடத்துக்கு இடம் தந்திருந்தும், அதை அரியர் வைக்காமல் முடித்துவிடவேண்டிய தாளாகவே கருதும்படி செய்துவிட்டது. கணினித் துறையின் ஆசிரியரும் வரலாற்றுத் துறையின் ஆசிரியரும் ஒரே மாணவியின் ஒரே வேலையை ஒரே மேசையில் அமர்ந்து திருத்தும் வாய்ப்பு அம்முறையில் அநேகமாக இல்லை. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலும், இரண்டு ஆசிரியர்களின் இசைவும் போதும்.

சென்னை ஐஐடியின் இணையவழிப் படிப்பில், அடிப்படை நிலையில், நிரல் எழுதப் புகுமுன் மதிப்பெண்களும் கடை ரசீதுகளும் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, எதை எண்ணுகிறோம், எதை நினைவில் வைக்கிறோம் என்று கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. மிக நல்ல முறை அது. வரலாறு பயிலும் மாணவர் அந்த அட்டைகளின் இடத்தில் கல்வெட்டுப் படிகளை வைத்துப் பார்க்கட்டும் என்பது என் யோசனை.

அவ்வாறு வைத்தவுடனே வேலை கடினமாகிவிடும்; கடினமாகவேண்டும். 1890இல் ஹுல்ஷ் பதிப்பித்த முதற்றொகுதி தொடங்கித் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் வெளிவந்திருப்பதால், கல்லின் மைப்படி ஒரு புறமும் அச்சிட்ட வாசகம் மறுபுறமும் வைத்துக் கணினிக்குக் கற்பித்துவிடலாம் என்று எளிதில் தோன்றும். ஆனால் பழைய தமிழ்க் கல்வெட்டுக்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது; காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும்; வடசொற்கள் வருமிடத்தில் கிரந்த எழுத்துக்கள் இடையே கலக்கும். பதிப்பாசிரியர்கள் வாசிப்பவர் வசதிக்காகப் புள்ளியிட்டும் குறில் நெடில் பிரித்தும் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சில் உள்ள புள்ளி கல்லில் இல்லை. அச்சில் இருப்பதை அப்படியே கல்லின் வாசகமாகக் கொண்டு கற்பித்தால், கணினி இல்லாத புள்ளியைத் தேடப் பழகிவிடும். ஆகவே கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதிய பிரதி ஒன்று, பதிப்பாசிரியர் படித்தபடி எழுதிய பிரதி ஒன்று என்று இரண்டு பிரதிகள் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் முதலில் தயாராகவேண்டும். முதற்பிரதியிலிருந்து இரண்டாவதைப் பெறுவது தனியொரு கணிப்பு வேலையாகவும், அதற்குச் சோழர் காலத் தமிழின் சொல்வழக்கு ஆதாரமாகவும் அமையவேண்டும். இப்பிரதிகளை எழுதத் தொடங்குவதற்கு மைப்படியும் பொறுமையும் எழுத்தியல் ஆசிரியர் ஒருவரும் இருந்தால் போதும்; இன்று இரு துறை பயிலும் மாணவர் ஒருவர் தம் முதலாண்டிலேயே இதில் கை வைக்கலாம்.